குடும்பம் ஏன் ஏழையாகிறது? ஊர்க் கணக்கும் நகரக் கணக்கும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எங்கள் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போய்விடும். தை கடைசியில் சம்பா அறுப்பு முடிந்து, கூலியாக வந்த நெல்லை விற்ற பிறகு திரும்பி வரும். இடையில் ஏழெட்டு மாதம், காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டிருப்பார். எனக்கு அதுதான் காலண்டர். காதில் குச்சி இருந்தால் வீட்டில் எதுவும் கேட்கக் கூடாது, தோடு இருந்தால் கேட்கலாம்.

வறுமை என்றால் பணம் இல்லாதது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் பணம் வராமல் இல்லை. வந்த மாதம் வேறு, தேவைப்பட்ட மாதம் வேறு. சோறு தினமும் வேண்டும், ஃபீஸ் ஜூனில் கட்ட வேண்டும், காய்ச்சல் எப்போது வேண்டுமானாலும் வரும், ஆனால் வருமானம் வருடத்தில் சில மாதங்களில்தான் வரும். இந்த இடைவெளியை நிரப்ப ஒவ்வொரு தடவையும் எதையாவது அடகு வைக்க வேண்டியிருக்கிறது, அதற்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது, அந்த வட்டிதான் அடுத்த வருடத்துக்கான பணத்தையும் தின்றுவிடுகிறது. வறுமையின் காரணங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் இந்த இடைவெளியைத்தான் தேடுகிறேன். ஊரிலும் அது இருக்கிறது, நகரத்திலும் இருக்கிறது, உருவம்தான் வேறு.

முதலில், யார் ஏழை என்று அரசாங்கம் எப்படி முடிவு செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். பழைய முறை, ஒரு கோடு போடுவது. ஒரு ஆள் ஒரு மாதம் பிழைக்க இவ்வளவு ரூபாய் வேண்டும், அதற்குக் கீழே செலவு செய்பவர் ஏழை. 2011-12க்குப் பொருளாதார நிபுணர் சுரேஷ் டெண்டுல்கர் குழுவின் முறைப்படி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போட்ட கோடு மாதம் 880 ரூபாய், நகரங்களுக்கு 937 ரூபாய். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏழைகள் சுமார் 11 சதவீதம். அப்புறம் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2014ல் அதே வருடத்துக்கு வேறு கோடு போட்டது: கிராமத்துக்குச் சுமார் 1,082, நகரத்துக்குச் சுமார் 1,380. உடனே 11 சதவீதம் 22 சதவீதமாகிவிட்டது. அதே வருடம், அதே மக்கள்தான். கோட்டைச் சில நூறு ரூபாய் மேலே தூக்கியதும் ஏழைகள் இரண்டு மடங்கு. அப்படியென்றால் அந்தக் கோட்டுக்கு மேலே, ஒட்டினாற்போல, ஏகப்பட்ட குடும்பங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதிகம் பேசப்படுவது பல்பரிமாண வறுமைக் குறியீடு. மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 12 விஷயங்களை வைத்து இதைக் கணக்கிடுகிறது. சத்தான உணவு, குழந்தை இறப்பு, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு இப்படி. 2019-21 நிலவரப்படி நாடு முழுக்க 15 சதவீதம் பேர் இந்த வகையில் ஏழைகள், தமிழ்நாட்டில் 2.2 சதவீதம்தான். இதைப் பெருமையாகவே சொல்லலாம். ரேஷன் அரிசி பெரும்பாலான அட்டைகளுக்குக் கிடைப்பது, சத்துணவு, அரசு ஆஸ்பத்திரி, இதெல்லாம் பல வருடம் போட்ட உழைப்பு. ஆனால் அந்த 12 விஷயங்களில் கடன் இல்லை. வீட்டு வாடகை இல்லை. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதும் இல்லை. வியாசர்பாடியில் ஒற்றை அறை லைன் வீட்டில், கேஸ் அடுப்பும் வங்கிக் கணக்கும் செல்போனும் வைத்துக்கொண்டு, மூன்று இடத்தில் கடன் கட்டும் குடும்பம் இந்தக் கணக்கில் ஏழையாக வராமல் போகலாம்.

ஊரில் என்ன நடக்கிறது

நிலம் இருக்கிறவர் ஏழை இல்லை என்ற நினைப்பு நிறையப் பேருக்கு இருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கையில் சராசரியாக இருப்பது 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. தாத்தாவிடம் இருந்த எட்டு ஏக்கர் நாலு பிள்ளைகளுக்கு இரண்டு இரண்டாகப் பிரிந்து, அடுத்த தலைமுறையில் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று ஆகிக்கொண்டிருக்கிறது.

இரண்டு ஏக்கர் நெல்லுக்குத் தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 கண்டுமுதல் ஆகிறது, நல்ல விளைச்சல் என்றே வைத்துக்கொள்வோம். அது 18 குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்குச் சுமார் 2,400 ரூபாய் என்றால் 43,000 ரூபாய் சொச்சம். உழவு, விதை, நடவு, உரம், மருந்து, அறுவடை மிஷின் வாடகை எல்லாம் சேர்த்து 28,000 போகட்டும். கையில் நிற்பது ஏக்கருக்கு 15,000, இரண்டு ஏக்கருக்கு 30,000. ஒரு போகம்தான் என்றால் இதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,500 ரூபாய். எல்லாம் சரியாக நடந்தால்தான் இந்தக் கணக்கு. அறுக்கிற நேரத்தில் மழை வந்து, கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல் முளைத்துப்போனால் இந்த 2,500ம் கிடையாது.

அதிலும் குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். நிறையக் குத்தகைகள் வாய்ப்பேச்சில்தான் நடக்கின்றன. பட்டா வேறொருவர் பெயரில், பயிர் வைத்தவர் வேறொருவர். பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் (பயிர் சாகுபடிச் சான்று) வேண்டும். அது இல்லையென்றால் நஷ்டம் முழுக்கப் பயிர் வைத்தவர் தலையில்தான்.

நிலமே இல்லாத கூலிக் குடும்பத்துக்கு விஷயம் வேறு. அவர்களுடைய சொத்து, வேலை நாள். முன்பெல்லாம் ஒரு ஏக்கர் அறுக்க இருபது ஆள் வரை இறங்குவார்கள். இப்போது பெல்ட் மிஷின் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது, மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும். ஆனால் அந்த இருபது பேருக்கும் ஒரு நாள் கூலி போனது போனதுதான். தண்ணீர் வராத வருடம் என்றால் நாற்று நடவே இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியில் திறக்கப்படவே இல்லை, 2020ல்தான் மறுபடி அந்தத் தேதிக்குத் திறந்தார்கள். டெல்டாவில் குறுவை தவறிப்போன ஒவ்வொரு வருடமும் கூலிக்காரருக்கு ஒரு பருவம் முழுக்க வேலை குறைந்த வருடம்தான்.

2005ல் சட்டமாக வந்த 100 நாள் வேலைத் திட்டம் இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது, ஊரில் எத்தனையோ அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் நாடு முழுக்கச் சராசரி எடுத்தால் ஒரு வீட்டுக்குச் சுமார் 50 நாள்தான் கிடைத்து வந்தது, அந்தக் கூலியும் வாரக்கணக்கில் தாமதமாவது சாதாரணமாக இருந்தது.

யாரிடம் நிலம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது தற்செயலாக அமைந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892ல் ஆங்கிலேய அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்க முடிவு செய்தது. அதுதான் பஞ்சமி நிலம். மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் போட்டார்கள். அப்படியும் அதில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில் இருக்கிறது. நிலம் கை மாறிய குடும்பத்தின் பேரன் இன்று செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் குடும்பத்தோடு கிடக்கிறான் என்றால், அவன் வறுமைக்குக் காரணம் அவன் பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது.

இன்னொன்று, புயல். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் போனால் தென்னை விவசாயிகள் அந்த ராத்திரியைப் பற்றி இன்னமும் பேசுவார்கள். நெல் போனால் அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம். தென்னை விழுந்தால் புதுக் கன்று வைத்துக் காய் பறிக்க ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அதுவரை கையில் காசு புழங்கிய குடும்பங்கள் ஒரே ராத்திரியில் கடன்காரர்களாக ஆனது இப்படித்தான்.

நகரத்தில் என்ன நடக்கிறது

ஊரில் வேலை நாள் போதவில்லை, சென்னைக்கோ திருப்பூருக்கோ போகலாம் என்று கிளம்புகிறார்கள். இங்கே கூலி அதிகம், அது உண்மை. ஆனால் ஊரில் காசு கொடுக்காமல் கிடைத்ததெல்லாம் இங்கே விலைக்கு வருகிறது. தங்க இடம், தண்ணீர், விறகு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி.

சென்னையில் பெயிண்ட் வேலைக்குப் போகும் ஒருவர், இரண்டு வீட்டில் வேலை செய்யும் அவர் மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். பெயிண்டருக்கு நாளுக்கு 800 ரூபாய், மாதம் 18 நாள் வேலை, 14,400. மனைவிக்கு வீட்டுக்கு 3,000 வீதம் 6,000. மொத்தம் 20,400. நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். செலவைப் பாருங்கள். வாடகை 6,000. கரண்ட் 700. கேன் தண்ணீர் 600. கேஸ் 900. மளிகை, காய், பால் 8,000. பிள்ளைகள் படிப்புக்கும் பஸ்ஸுக்கும் 2,000. போன் ரீசார்ஜ் 500. கூட்டினால் 18,700. மிச்சம் 1,700 ரூபாய். இந்த 1,700க்குள்தான் தீபாவளித் துணி, ஊர்த் திருவிழா, அம்மாவுக்கு அனுப்பும் காசு, எல்லாமே.

இந்தப் பட்டியலில் கரண்ட் 700 என்று எழுதினேனே, அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் லைன் வீடுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு இருக்காது. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வசூலிப்பார். அரசாங்கம் கொடுக்கும் சலுகை அந்தக் கதவு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் வாடகைக் குடும்பத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மாதாமாதம் நடக்கும் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசாதது எனக்கு இன்னும் வருத்தம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிப் பெயிண்ட் வேலை கிடையாது. 18 நாள் 8 நாளாகிறது, 14,400 என்பது 6,400 ஆகிறது. வாடகை மட்டும் அதே 6,000. ஊரில் பார்த்த அதே இடைவெளி இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

அப்புறம் தூரம். கூவம், அடையாறு ஓரம் குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நிறையக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போயின. கான்கிரீட் வீடு, கழிப்பறை, எல்லாம் சரி. ஆனால் குடிசையிலிருந்து நடந்துபோய் காலை ஆறு மணிக்கு ஒரு வீடு, எட்டு மணிக்கு ஒரு வீடு என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா இப்போது 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். ஆறு மணி வீட்டுக்கு அவரால் வர முடியாது. அந்த 3,000 போய்விட்டது. 2021ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆக்கியது இவர்களுக்குக் கிடைத்த பெரிய உதவி. ஆனால் டிக்கெட் காசைத்தான் அது மிச்சப்படுத்தும், போக வர ஆகும் மூன்று மணி நேரத்தை யார் திருப்பித் தருவது?

விழுவது எப்படி

இதுவரை சொன்னது குடும்பங்கள் விளிம்பில் நிற்பது எப்படி என்பது. விளிம்பிலிருந்து விழுவது பெரும்பாலும் நோயால். அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், கால் நூற்றாண்டுக்கு முன்னால் இந்த வீடு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, நடுவில் என்ன ஆனது என்று கேட்டார். விழுந்த வீடுகளில் திரும்பத் திரும்ப வந்த பதில் நோயும் மருத்துவச் செலவும். அதோடு கல்யாணம், சாவுச் சடங்கு, அதிக வட்டிக் கடன். சோம்பேறித்தனம், குடி என்று ஊர்க்காரர்களே காரணம் சொன்ன வீடுகள் மிகக் குறைவு. ஒரே காரணத்தால் விழுந்தவர்களும் குறைவு, இரண்டு மூன்று அடிகள் அடுத்தடுத்து விழுந்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் பிளேட் வைத்துவிடுவார்கள். அப்புறம் நாலு மாதம் படுக்கை. நாளுக்கு 900 ரூபாய், மாதம் 20 நாள், நாலு மாதத்துக்கு 72,000 ரூபாய் வருமானம் போச்சு. கூட இருந்து பார்த்துக்கொள்ள மனைவி லீவு போட்டதில், வேலை செய்த வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் அந்தக் காப்பீட்டு அட்டை காசு தராது.

அந்த நாலு மாதமும் வீடு எப்படி ஓடும்? முதலில் நகை. அது தீர்ந்தால் தண்டல். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,500ஐப் பிடித்துக்கொண்டு 8,500தான் கையில் தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 100 நாளில் 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே வருவதால், வருடக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். தினம் 100 என்றால் மாதம் 3,000. மேலே பெயிண்டர் வீட்டில் 1,700தான் மிச்சம் என்று பார்த்தோம். ஒரே ஒரு தண்டல் வந்தால் மாதம் 1,300 துண்டு விழும். அதை அடைக்கக் குழு லோன். குழு லோனில் வட்டி தண்டலை விடக் குறைவுதான், ஆனால் வாரா வாரம் குறித்த நாளில் பணம் இருந்தே ஆக வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும், அந்த அவமானத்துக்குப் பயந்தே இன்னொரு இடத்தில் வாங்கிக் கட்டுவார்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003ல் சட்டம் வந்தது, மிரட்டி வசூல் செய்வதற்கு எதிராக 2025ல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டம் மிரட்டலைத் தடுக்கலாம். அடுத்த திங்கட்கிழமைக்கு வேண்டிய பணத்தை அது கொண்டுவந்து தராது.

கடைசிப் படி, மூத்த பையனின் காலேஜ். ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டு அப்புறம் படிக்கிறேன் என்பான். பைக் எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்குப் போவான். அந்த ஒரு வருடம் முடிந்து திரும்பப் போனவர்கள் நான் பார்த்த வரையில் ரொம்பக் கொஞ்சம்.

குடி காரணமில்லையா என்று கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். காரணம்தான். டாஸ்மாக் மூலம் அரசுக்கு வருடம் 45,000 கோடிக்கு மேல் வருமானம் வருகிறது, அதில் கணிசமான பங்கு கூலிக்காரர் பையிலிருந்து போனது. குடித்துக் கல்லீரல் கெட்ட அப்பாவால் நொடித்த வீடுகள் என் தெருவிலேயே இருந்தன. ஆனால் குடிக்காத அப்பாக்கள் இருந்த வீடுகளும் பக்கத்திலேயே நொடித்தன. எங்கள் அப்பா குடித்ததே கிடையாது. குடியை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டால் கூலி, வாடகை, வட்டி பற்றியெல்லாம் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது, எனக்கு அதில்தான் சம்மதமில்லை.

வீட்டுக்குள்ளேயும் எல்லோரும் ஒரே அளவு ஏழை இல்லை. அதே கட்டட வேலையில் சித்தாளாகப் போகும் பெண்ணுக்குக் கொத்தனார் கூலியில் பாதியோ கொஞ்சம் கூடவோதான். கணவர் இறந்துவிட்டால் அந்தப் பாதிக் கூலியில்தான் மொத்தக் குடும்பமும் ஓட வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் சின்னத் தொகை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மழை மாதமானாலும் கோடை மாதமானாலும் அது வருகிறது. எங்கள் வீட்டில் அப்போது மாதாமாதம் நிச்சயமாக வரும் பணம் என்று ஒன்று இருந்ததே இல்லை, இருந்திருந்தால் அந்தத் தோடு எத்தனை தடவை அடகுக் கடைக்குப் போயிருக்கும் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு வீட்டு வேலைக்கு வரும் அக்காவையோ, பெயிண்டர், கொத்தனார் யாரையாவதோ நேரில் தெரியும். அவர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கு 1994லிருந்தும் வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2007லிருந்தும் வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்து நடந்தால் நிதி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. நிறையப் பேர் எப்போதோ பதிவு செய்துவிட்டு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல் விட்டிருப்பார்கள். அட்டையை எடுத்துவரச் சொல்லி, கடைசியாகப் புதுப்பித்த தேதி என்ன என்று பாருங்கள். கடந்துபோயிருந்தால் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ என்று கேட்கும் ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் முடித்துக் கொடுத்துவிடலாம்.